யார் சொல்லியும் கேட்காதவர்

மலையுச்சி நினைவுத் தூணின் கல்வெட்டை உடைத்தது நான்தான். நகராட்சித் தண்ணீர் லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தேன். வழி சொல்ல நின்றவன் கொத்தனார் வேலை பார்க்கும் என் மச்சினன். "வரலாம், வரலாம்" என்றான். வந்தேன். கல்வெட்டு மூன்று துண்டாக விழுந்தது.

"உங்களைச் சொல்லல மாமா, போன்ல பேசிக்கிட்டிருந்தேன்" என்றான். கண்ணாடியைப் பார்க்காத கண் என்னுடையது. அவனை என்ன சொல்வது?

அந்தக் கல்லில் இருந்தது இவ்வளவுதான்: 'இவ்வூரில் பிறந்தவர். யார் சொல்லியும் கேட்காதவர்.' அடங்காப்பிடாரிக்கா இத்தனை பெரிய தூண் என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். தூணுக்குரிய அம்மா அடிவாரத் தெருத் தையற்காரர் மகள், பிறகு நகராட்சித் தலைவி. ஜல்லிக்காக மலையை வெடிவைத்து உடைக்கக் குவாரிக்காரர்கள் வந்தபோது கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கட்சி சொன்னது, கட்டிய கணவரே சொன்னார். கேட்கவில்லை. பதவியைப் பிடுங்கினார்கள். நேராக மலையேறி, வெடிக்குத் துளைபோட்ட பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். வந்தவர்கள் வெறுத்துப்போய் இறங்கினார்கள். அவர் இறந்தபின் ஊரார் ஆளுக்கொரு கல்லாகச் சுமந்து தூணை எழுப்பினார்கள். என் அப்பாவும் சுமந்தார். மகன் நான் லாரியோடு போய் இடித்தேன்.

இப்போதைய தலைவர் என்னைத் திட்டவில்லை. அறையில் நாற்காலி வேறு போட்டார்.

"விடுப்பா, கை தவறுறது சகஜம். புதுக் கல்லு ரெடி. நீயே கொண்டுபோய் வச்சிடு, உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

புதுக் கல்லில், 'எல்லோர் சொல்லையும் கேட்டவர்.'

"ஐயா, இது வேற யாரோ மாதிரி இருக்கே."

"கேட்காதவர்னா மரியாதையாவா இருக்கு? ஏதோ பள்ளிக்கூடத்துல கோள் சொன்ன மாதிரி."

"மலையை மறுபடி உடைக்கப் போறீங்களா?"

"வளர்ச்சின்னு ஒண்ணு இருக்கில்லப்பா."

மலையைப் பற்றி நகராட்சிப் பொறியாளரிடம் கேட்டேன். "மேல கேளுங்க" என்றார். மேலே மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

புதுக் கல்லை ஆபீஸ் வராந்தாவிலேயே விட்டுவிட்டு, சிமெண்டையும் மச்சினனையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனேன். பழைய துண்டுகளைப் பொருத்தினோம். 'கேட்' ஒரு துண்டில், 'காதவர்' இன்னொன்றில். இரண்டுக்கும் நடுவே அவன் பூசப் பூச, தழும்பு போல ஒரு கோடு தடித்து நின்றது.

"அக்கா என்னைக் கொன்னுடும் மாமா."

"முதல்ல என்னை. நீ வரிசையில நில்லு."

பிறகு லாரியைக் கடைசி வளைவில் பாதைக்குக் குறுக்கே நிறுத்தினேன். இனி ஒரு சைக்கிள்கூட மேலே வர முடியாது. தலைவர் காரைக் கீழே விட்டு, மூச்சிரைக்க நடந்து வந்தார்.

"வண்டியை எடு."

"மாட்டேங்க."

"வேலை போயிடும்."

"தெரியுங்க." பின்னால் ஒரு லாரித் தண்ணீர் இருந்தும் எச்சில் விழுங்க முடியவில்லை. சாவியைத் தொட்டிக்குள் போட்டேன். ப்ளக் என்றது.

தலைவரின் முகம் சிவந்தது. "என்னதான்யா வேணும் உனக்கு?"

"ஒரு பதில். மலையை உடைக்கப் போறீங்களா, இல்லையா?"

அவருக்குப் பின்னால் என் மனைவியும் அடிவாரத் தெருக்காரர்கள் அத்தனை பேரும் செய்தி கேட்டு ஏறி வந்து நின்றதை அவர் இன்னும் பார்க்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினார்.

"ஆமாய்யா. உடைக்கத்தான் போறோம்."