செத்தவள் மேல் போட்ட பழி

மழை மட்டும் பெய்யாமல் இருந்திருந்தால் அந்தத் தப்பு நடந்திருக்காது என்று டாக்டர் தொகோ தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மனது கேட்டால்தானே?

அவளுடைய எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வுக் குழுவில் ஒரு விதி உண்டு. எந்தப் பெண்ணின் வீட்டு வாசலுக்கும் வண்டி போகக் கூடாது. கடைத்தெருவில் நிறுத்திவிட்டு, சொந்தக்காரி மாதிரி நடந்து போக வேண்டும். நொங்கோமா மலைச்சரிவில் அந்த வெள்ளை வண்டியைத் தெரியாத ஆடுகூடக் கிடையாது. அது எந்த வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டில் எச்.ஐ.வி. என்று ஊர் முடிவு கட்டிவிடும். விதியை எழுதியவளே தொகோதான்.

லுங்கிலே மாத்திரை வாங்க வராமல் போனாள். பதினெட்டு முடிந்தவள், பள்ளியில் கடைசி வகுப்பு. நோய் வந்தவள் அல்ல. வராமல் தடுக்கத் தினம் ஒரு மாத்திரை போடுகிறவள். ஆனால் நோய்க்கான மாத்திரையும் தடுப்பு மாத்திரையும் ஒரே மாதிரி டப்பாவில்தான் வருகின்றன. ஆய்வுக்குப் பணம் கொடுப்பவர்களின் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. பாதியில் நின்றுவிட்ட பெண்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போவது தொகோவை அரித்தது. லுங்கிலேயைத் தேடி மழையிலேயே வண்டியில் கிளம்பிவிட்டாள்.

"வாசல்லயே விடு, பொங்கானி. இந்தச் சேத்துல யாரு நடக்கறது?"

"நீங்க போட்ட சட்டம்தானே டாக்டர்..." ஓட்டுநர் இழுத்தான்.

"கொட்டுற மழையில எவன் பாக்கப் போறான்? விடுய்யா."

ஊரே பார்த்தது.

அடுத்த வாரம் லுங்கிலே தானாகவே ஆய்வு நிலையத்துக்கு வந்தாள். உட்காரவில்லை.

"பெரியம்மா உங்களக் கூப்பிடுறாங்க. அன்னிக்கு வண்டி போனதும் பக்கத்து வீட்டுக்காரி வந்து, 'உன் பொண்ணுக்கு எப்பலேர்ந்து?'ன்னு கேட்டா. பெரியம்மா என் பையக் கொட்டினாங்க. டப்பா விழுந்துச்சு."

"இது தடுப்பு மாத்திரைதான்னு சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா? 'தடுக்குற அளவுக்கு எவன்கூடடி போற?'ன்னு கேப்பாங்க. பெரியப்பா மறுநாளே நாலு பேரைக் கூட்டிக்கிட்டு அவன் வீட்டுக்குப் போய், பொண்ணக் கெடுத்ததுக்கு அபராதமா மாடு கேப்பாரு. என் படிப்பு அதோட சரி." லுங்கிலே தரையைப் பார்த்தாள். "அதனால, பொறந்ததுலேர்ந்தே இருக்கு, அம்மாகிட்டேர்ந்து வந்ததுன்னு சொல்லிட்டேன்."

அது பொய் என்று தொகோவுக்குத் தெரியும். அந்த அம்மா வேன் கவிழ்ந்து இறந்தவள். ஒரு காய்ச்சலுக்குக்கூடப் படுக்காதவள்.

"நீங்க எதையும் சொல்லிடாதீங்க அக்கா. என் விஷயத்த வெளிய விடமாட்டோம்னு எனக்கு வாக்குக் குடுத்திருக்கீங்க."

இந்த முறை தொகோ நடந்தே போனாள். பெரியம்மா மாந்துலி தேநீரை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"டாக்டரம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் தங்கச்சிக்கு அந்த நோய் இருந்துச்சா?"

இல்லை என்றால் லுங்கிலே மாட்டுவாள். ஆமாம் என்றால் செத்தவளுக்குத் துரோகம். லுங்கிலே கதவோரம் நின்று தொகோவையே பார்த்தாள்.

"அதையெல்லாம் நான் சொல்லக் கூடாதும்மா," என்றாள் தொகோ.

"புரிஞ்சுபோச்சு."

மாந்துலி எழுந்து முற்றத்து மூலையிலிருந்த தங்கையின் கல்லறைக்குப் போனாள். அவள் குரல் வீட்டுக்குள் வந்து அறைந்தது.

"அடிப்பாவி! கூடப் பொறந்தவகிட்டக்கூட மறைச்சிட்டியேடி! வேன் கவிழ்ந்து செத்தியேன்னு அழுதேன். வியாழக்கிழமை பொம்பளைங்க ஜெபக் கூட்டத்துல தவறாம உனக்காக ஜெபம் பண்ணினேன். உள்ளுக்குள்ள இதையும் வச்சிருந்தியா?"

தொகோ லுங்கிலேயின் பக்கம் குனிந்தாள். "உண்மையச் சொல்லிடலாம். நான் பக்கத்துல இருக்கேன்."

"நீங்க சாயங்காலம் கெளம்பிருவீங்க அக்கா. நான்தான் இங்க இருக்கணும்." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அம்மாவுக்கு இனிமே வலிக்காது. எனக்குத்தான் வலிக்கும். நீங்க சும்மா இருங்க."

தொகோ சும்மா இருந்தாள்.

மாந்துலி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். சோளக் களியும் பீன்ஸும் தட்டில் போட்டு லுங்கிலேயின் முன் வைத்தாள். குளிர்ப்பெட்டியின் மேலிருந்து டப்பாவை எடுத்து, ஒரு மாத்திரையைத் தன் உள்ளங்கையில் தட்டினாள்.

"முதல்ல சாப்பிடு, அப்புறம் போடு. அம்மாக்காரி பண்ணினதுக்கு நீ என்னடி பண்ணுவ?"

லுங்கிலே மாத்திரையை வாங்கி விழுங்கினாள். பெண்களுக்கு வீட்டார் கையாலேயே மாத்திரை கொடுக்கும் நாள் வர வேண்டும் என்று தொகோ மேடைக்கு மேடை பேசியிருக்கிறாள். இதோ, கொடுக்கிறார்கள்.

"இனிமே ஒரு நாள் தவற விடமாட்டேன்," என்ற மாந்துலி, தொகோவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "நீங்க மட்டும் அன்னிக்கு வரலேன்னா எனக்குத் தெரியாமலே போயிருக்கும். ரொம்ப நன்றிம்மா."

தொகோ தலையை ஆட்டி அந்த நன்றியை வாங்கிக்கொண்டாள்.