அப்பா பக்கத்து நியாயம்

தொண்டைக்குழியில் கத்தி இருக்கும்போது எவன் வாயைத் திறந்து 'உங்கள் கதை சரியில்லை' என்பான்? இந்தச் சின்ன விஷயம் சலூன்காரருக்கு உறைக்கவே இல்லை. சோப்பு நுரையைப் பூசி, நாற்காலியைச் சாய்த்து, ஒரு கனைப்புக் கனைத்துவிட்டுத் தொடங்கிவிடுவார். தான் எழுதிய கதையெல்லாம் அவருக்கு மனப்பாடம். மேலுதட்டுக்குக் கத்தி வரும்போது கதையில் திருப்பம் வரும். நுரைக்குள் கிடக்கிற ஆள் "ம்ம்" என்பார். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்ததும், "பிரமாதம்ணே, நீங்க இருக்க வேண்டிய இடமே வேற" என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடுவார். அன்றைக்குப் பூராவும் சலூன்காரருக்குக் கால் தரையில் பாவாது.

நாலு பேர் கருத்துச் சொன்னால்தானே எழுத்து வளரும் என்பது அவர் சொல்கிற காரணம். ஆனால் கொஞ்ச நாளாக யார் வந்து உட்கார்ந்தாலும் ஒரே கதைதான். பாடுபட்டு வளர்த்த மகள் தனக்குப் பிடித்தவனோடு போய்விடுகிறாள். அப்பா வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். சலூன்காரருடைய மகளும் அப்படித்தான் போனாள். அம்மாவோடு போனில் பேசுவாள். அப்பா குரல் கேட்டால் வைத்துவிடுவாள். ஒருநாள் அவள் வந்து நின்றுவிட மாட்டாளா என்ற ஏக்கம் மனிதரைத் தின்றுகொண்டிருந்தது. அதைச் சொல்லி அழத் தெரியாமல்தான் கதையாக எழுதினார். எழுதி முடித்ததும் ஆசை வேறு பக்கம் திரும்பிவிட்டது. கேட்கிறவர்களெல்லாம் "பாவம் அந்த அப்பா" என்று உச்சுக்கொட்ட வேண்டும், அவ்வளவுதான்.

உச்சுக்கொட்டாத ஒரே ஆள் பக்கத்துத் தெரு டெய்லர். முழுக்கக் கேட்டுவிட்டு, கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே? அந்தப் பொண்ணு கதை பூரா வாயே திறக்கலையே, ஏன்? கிளம்பும்போது அப்பன் ஏதாவது சொல்லியிருப்பான்ல? அந்த இடத்தை மட்டும் தாண்டிக் குதிச்சுட்டியே."

சலூன்காரருக்குச் சுருக்கென்றது. "துணி தைக்கிறவருக்குக் கதையைப் பத்தி என்னண்ணே தெரியும்? போய் வேலையைப் பாருங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் டெய்லர் சவரத்துக்கு வேறு கடைக்குப் போய்விட்டார். கிடைத்த ஒரே நல்ல வாசகரை இப்படியா விரட்டுவது!

சவரத்துக்கு வருகிற கூரியர் பையன் ஒரு வழி காட்டினான். "அண்ணே, இதை எங்ககிட்ட மட்டும் சொன்னா எப்படி? உலகமே படிக்க வேணாமா?" என்று அவர் போனில் ஒரு கதைச் செயலியை ஏற்றிக் கொடுத்தான். தான் தப்பித்தால் போதும் என்பது அவன் கணக்கு. கதையைப் போட்ட மறுநாளே கருத்துகள் குவிய ஆரம்பித்தன. யார் பெற்ற பிள்ளைகளோ, தானாக வந்து படித்துவிட்டுச் சொல்கிறார்கள்! கண் கலங்கிவிட்டது என்றார் ஒருவர். என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது என்றார் இன்னொருவர். போகப் போக எல்லாரும் மகளைப் பிடித்துக்கொண்டார்கள். நன்றி கெட்டவள். நெஞ்சில் ஈரமில்லாதவள். இவளெல்லாம் உருப்படுவாளா? சலூன்காரர் ஒவ்வொன்றையும் கண் குளிரப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு ஹார்ட்டைத் தட்டிவிட்டார். உலகமே தன் பக்கம்!

மனைவியிடமும் காட்டினார். அவள் கதையை மட்டும் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையோடு, அவருக்குத் தெரியாமல், மகளுக்கும் அனுப்பி வைத்தாள்: 'அப்பா உன்னை நினைச்சு உருகி எழுதியிருக்கார், படிடி.'

மதியம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மகள்! அதுவும் அவருடைய போனுக்கே. எச்சில் கையை அந்தரத்தில் பிடித்தபடி இடது கையால் எடுத்தார்.

"அப்பா, கதை படிச்சேன்."

"கதை எப்படிம்மா இருக்கு?" என்றார். பெற்ற மகள் இத்தனை காலம் கழித்துப் பேசுகிறாள், இந்த மனுஷன் கேட்ட கேள்வியைப் பாருங்கள்!

"அழுதுட்டேன்பா. லீவு போட்டுட்டு உடனே வந்துடலாம்னு பைகூட எடுத்து வெச்சுட்டேன். அப்புறம்தான் கீழே எழுதியிருந்ததையெல்லாம் படிச்சேன்."

அந்தரத்தில் இருந்த எச்சில் கை தட்டில் இறங்கியது.

"நான் கிளம்பும்போது, 'நீ செத்தாகூட எனக்குச் சொல்லி அனுப்பாதே'ன்னீங்க. அது கதையில காணோம். சரி, விடுங்க. ஆனா யாரோ ஒருத்தர், 'இவ பெத்துக்கிற பிள்ளையும் இவளை இப்படியே அழவெச்சுட்டுப் போகணும்'னு எழுதியிருக்கார். அதுக்குமா ஹார்ட் போடுவீங்க?"

"நான் பார்க்கலைம்மா... வரிசையா தட்டிட்டே வந்தேன்..."

பச்சைப் பொய். பார்த்தார். மற்றதையெல்லாம் விட அதுதான் அவருக்கு இனித்தது.

"நான் முழுகாம இருக்கேன்பா. அம்மாகிட்டகூட இன்னும் சொல்லலை. நேர்ல வந்து உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லலாம்னு இருந்தேன். சரிப்பா, வெச்சிடறேன்."

திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. முன்பின் தெரியாத ஆட்களையெல்லாம் கூட்டி வைத்துப் பெற்ற மகளைத் தானே சபிக்க வைத்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. செயலியைத் திறந்து கதையை அழித்தார். அழித்து என்ன பிரயோசனம்? படிக்கக் கூடாதவள் படித்துவிட்டாள்.

மனைவி அடுப்படியிலிருந்து முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள்.

"அவதானே பேசினா? எனக்குத் தெரியும், கதையைப் படிச்சா மனசு இளகிடுவான்னு. என்னங்க சொன்னா? எப்ப வர்றாளாம்?"

சலூன்காரர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதை நல்லா இருக்காம்" என்றார்.