கொழுந்தியாள் செம்பு

பஞ்சம்மாளை நம்பி ஒருவரும் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். அனுமந்தன்பட்டியில் அது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பதினேழு வயசு, கையும் காலும் சும்மா இருக்காது, வாய் அதற்கு மேல். அக்காள் சங்கிலியம்மாளோ நேர் எதிர். அடித்தால் அழக்கூட யோசிப்பாள். இரண்டும் ஒரு வயிற்றில் பிறந்தவைதானா என்று ஆத்தா முருகம்மாளே தலையில் அடித்துக்கொள்வாள்.

பங்குனியில் சங்கிலியம்மாளுக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை கருத்தக்கண்ணன், சின்னமனூர்க்காரன். நல்ல பையன். ஆனால் மாமியார் அய்யம்மாள் இருக்கிறாளே, அவள் ஆள் வேறு. பதினொரு மாடு, நாலு எருமை, ஒரு மகன், எல்லாவற்றையும் ஒரே தார்க்குச்சியால் ஓட்டுகிறவள். சித்திரை பிறந்ததும் மகனையும் மருமகளையும் மறுவீட்டு விருந்துக்கு அழைத்து வந்தவள், வண்டியைவிட்டு இறங்கும்போதே சொல்லிவிட்டாள்.

"மூணு நாளு விருந்து. நாலாம் நாளு வெள்ளன வண்டி கட்டிருவோம். பெறகு அடுத்த பொங்கலுக்குத்தான் பிள்ளைய அனுப்ப முடியும். எங்க வீட்டுல மாடு கன்னு கெடக்கு."

அடுத்த பொங்கலுக்கா? பஞ்சம்மாள் நாள் கணக்குப் போட்டாள். இன்னும் பதிமூன்று நாளில் வீரபாண்டித் திருவிழா. பிறந்ததிலிருந்து அக்காளும் தங்கையும் கைகோத்துக்கொண்டுதான் அங்கே போயிருக்கிறார்கள். ராட்டினம் மேலே போகும்போது சங்கிலியம்மாள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். பஞ்சம்மாள் அவள் காதில் பேய்க்கதை சொல்வாள். இந்த வருஷம் யார் காதில் சொல்வது?

அவளுக்கு இருந்தது ஒரே வழி. அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தின் மூன்றாம் நாள் மத்தியானம், கொழுந்தியாள் ஒரு செம்பு நிறைய என்னவாவது கலக்கி மாப்பிள்ளை முன்னால் வைப்பாள். சொட்டு மிச்சமில்லாமல் அவர் குடித்துவிட்டால், அவள் கேட்டதைக் கொடுக்க வேண்டும். குடிக்கமாட்டேன் என்றால் ஒன்றும் கொடுக்க வேண்டாம், ஆனால் கொழுந்தியாளுக்குப் பயந்தவர் என்ற பேர் காலத்துக்கும் நிற்கும். செம்புக்குள் பானகமும் இருக்கலாம், வேப்பங்கொழுந்துச் சாறும் இருக்கலாம். அதுதான் கூத்தே.

மாப்பிள்ளை குடித்துவிட்டால் போதும், அக்காளைத் திருவிழா முடியும்வரை விட்டுவிட்டுப் போங்கள் என்று கேட்டுவிடலாம். குடிக்கிற மாதிரி ஒன்று கலக்க வேண்டும், அவ்வளவுதான். இதெல்லாம் விருந்துக்கு முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும். புத்தி கெட்ட கழுதை, முதல் நாள் மச்சானின் பணியாரத்துக்குள் பச்சை மிளகாயை வைத்தாள். இரண்டாம் நாள் அவர் படுக்கிற பாய்க்கு அடியில் நெருஞ்சி முள்ளைப் பரப்பினாள். மச்சான் துள்ளிய துள்ளலில் தெருவே கூடிவிட்டது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று சாயங்காலம்தான் செம்பின் ஞாபகம் வந்தது, சிரிப்பு பாதியில் நின்றது.

அய்யம்மாள் அதற்குள் மகனைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒங்க அப்பாரு இப்பிடித்தான் கொழுந்தியா குடுத்தத வாங்கிக் குடிச்சுப்பிட்டு, ஒரு கெடேரிக் கன்னத் தூக்கிக் குடுத்துட்டு வந்தாக. கன்னும் போச்சு, கயிறும் போச்சு. நீ வாயத் தொறந்தியோ, பெறகு நானு என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது."

பஞ்சம்மாளிடம் ஒரு துருப்பு இருந்தது. சித்தப்பா ராக்கப்பன் மேகமலை எஸ்டேட்டில் துரை பங்களாவில் சமையல்காரர். கல்யாணத்துக்கு வந்தபோது துரைசாணி கொடுத்த ஒரு டின் பாலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். போகும்போது ஒரு ரகசியமும் சொன்னார். வெயில் காலத்தில் துரைசாணி இந்தப் பாலில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துதான் குடிப்பாளாம்.

"பால்ல எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சாத் திரிஞ்சுராதா சித்தப்பா?"

"இது திரியாது ஆத்தா. வெண்ணெய் மாதிரிக் கெட்டிப்படும். ஒரு வாய் குடிச்சா மறுவாய் கேப்ப."

மூன்றாம் நாள் காலையில் பஞ்சம்மாள் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இருப்பது ஒரே டின். அதை வீணடிக்க மனசில்லாமல், முதலில் பசும்பால் அரைப்படியை எடுத்துப் பழத்தைப் பிழிந்து பார்த்தாள். கண் மூடித் திறப்பதற்குள் பால் கட்டி கட்டியாகத் திரிந்து, பச்சைத் தண்ணீர் தனியாக நின்றது. வாசனைக்கு எட்டிப் பார்த்த ஆத்தா, காய்ச்சுவதற்கு வைத்திருந்த பால் போன வழியைப் பார்த்துவிட்டு அகப்பையோடு துரத்தினாள். ஆத்தா கை ஓயும்வரை கொல்லையில் நின்றுவிட்டு வந்து மறுபடியும் கதவைச் சாத்தினாள்.

டின்னைத் திறப்பது அடுத்த பாடு. அரிவாள் வழுக்கியது. வண்டி ஆணியை வைத்து அம்மிக் குழவியால் ஒரு போடு போட்டதும் ஓட்டை விழுந்தது. எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்ட பிறகுதான் பால் இறங்கியது. விளக்கெண்ணெயைப் போலக் கெட்டியாக, அவசரமே இல்லாமல் இறங்கியது. விரலால் வழித்து நக்கினாள். அடி ஆத்தீ, இத்தனை இனிப்பா. இன்னொரு விரலுக்கு ஆசை வந்தது. அக்காளை நினைத்து அடக்கிக்கொண்டாள்.

தோட்டத்து எலுமிச்சை பன்னிரண்டு, தோல் மெலிசாகப் பழுத்தது. அம்மிக் குழவியில் மெதுவாக உருட்டி, அறுத்து, ஒரு விதை விழாமல் துணியில் வடிகட்டிப் பிழிந்தாள். சாற்றைச் சொட்டுச் சொட்டாகப் பாலில் விட்டாள். திரியவில்லை. சித்தப்பா சொன்னபடியே தளதளவென்று கெட்டிப்பட்டது. மண்பானையில் இரவெல்லாம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, கல் உப்பு ஒரு பொட்டு போட்டு, ஏலக்காயைத் தட்டிப் போட்டு, மோர் கடைகிற மத்தை வைத்து நுரை பொங்கப் பொங்கக் கடைந்தாள். செம்பில் ஊற்றி ஈரமணலில் புதைத்து வைத்தாள். மத்தில் ஒட்டியிருந்ததை மட்டும் நக்கிப் பார்த்தாள். புளிப்பா இனிப்பா என்று நாக்கு முடிவு செய்வதற்குள் தொண்டை குளிர்ந்துபோனது. மச்சான் இனி நம்ம கையில் என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் சொந்தபந்தம் இருபது பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, செம்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து வைத்தாள். கருத்தக்கண்ணன் செம்புக்குள் எட்டிப் பார்த்தான். வெள்ளை நுரை. எலுமிச்சை வாசம் கமகமவென்று வந்தது. அவன் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியதைப் பஞ்சம்மாள் பார்த்தாள்.

"இந்தத் தடவை ஒண்ணும் இல்ல மச்சான். சத்தியமா. பாலும் எலுமிச்சம்பழமும்தான்."

அந்த வார்த்தைதான் கெடுத்தது. அய்யம்மாள் செம்பைப் பிடுங்கி மோந்து பார்த்தாள். சுண்டுவிரலை விட்டு ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். நாக்கைச் சுழற்றிப் பார்த்தாள். பிறகு கண்ணை உருட்டினாள்.

"பால்ல எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சா எந்த ஊருல திரியாம இருக்கு? இது ஏன் திரியல?"

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

"இதுல மருந்து இருக்கு. கம்பமெட்டு ஏறி மலையாளத்து மருந்து வாங்கியாந்து கலக்கியிருக்கீக. எம்மகன் குடிச்சுப்பிட்டு இந்த வீட்டு வாசல்லயே நாயாக் கெடக்கணும், அதானே?"

"ஐயோ, மருந்தெல்லாம் இல்ல அயித்தை, டின்னு பாலு."

"அப்ப நீ குடி பாப்போம்."

குடித்தால் செம்பு எச்சில். எச்சில் செம்பை மாப்பிள்ளைக்கு வைக்க முடியாது. வேறு கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தால் செம்பு நிறையாது, ஆட்டம் செல்லாது. மாப்பிள்ளை ஆசையோடு செம்பைப் பார்த்தான், பயத்தோடு ஆத்தாளைப் பார்த்தான், கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான். சங்கிலியம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவளுக்கும் திருவிழாவரை இருக்க ஆசை இருந்தது. சொன்னால்தானே.

செம்பைக் கொண்டுபோய் அடுக்களை மணலிலேயே வைத்துவிட்டு, பஞ்சம்மாள் மாட்டுக்கொட்டத்தில் உட்கார்ந்து அழுதாள். உண்மையாகவே அழுதாள். பொய் சொன்னபோதெல்லாம் நம்பினார்கள், சத்தியம் செய்த அன்றைக்கு மருந்து என்கிறார்கள். எரிச்சல் தாங்கவில்லை. அந்தச் செம்பைக் கன்றுக்குட்டிக்காவது ஊற்றிவிடலாம் என்று எழுந்தாள்.

விருந்து உண்ட மயக்கத்தில் வீடே உறங்கியது. அடுக்களைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே குதிருக்குப் பின்னால் சேலை நுனி ஒன்று தெரிந்தது. பஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள். அய்யம்மாள் அண்ணாந்தபடி, இரண்டு கையாலும் செம்பைத் தூக்கிப் பிடித்து, மடக்கு மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் மூடியிருந்தது.

வேறொருத்தி என்றால் அப்போதே சத்தம் போட்டிருப்பாள். பஞ்சம்மாள் அப்படிப்பட்டவளா? வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கடைசிச் சொட்டு விழட்டும் என்று நின்றாள். அய்யம்மாள் செம்பின் தூரைத் தட்டினாள். போதாதென்று உள்ளே கையை விட்டு வழித்து நக்கினாள். அதற்குப் பிறகுதான் பஞ்சம்மாள் தொண்டையைக் கனைத்தாள்.

"வயித்துக்கு எப்பிடி இருக்கு அயித்தை?"

அய்யம்மாள் திரும்பினாள். மேலுதட்டில் வெள்ளை மீசை.

"கீழ கொட்டலாம்னு எடுத்தேன்டி. பிள்ளைக தெரியாமக் குடிச்சுறக் கூடாதுல்ல."

"கொட்டியாச்சா?"

"ஆமா, கொட்டிட்டேன்."

"தரை காஞ்சு கெடக்கே."

அய்யம்மாள் தரையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். பஞ்சம்மாள் கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இருபது பேருக்கு முன்னால மருந்துன்னு சொன்னீக. மருந்துன்னா உள்ள போயிருச்சு, இனிமே எங்க அக்கா பேச்ச நீங்க தட்ட முடியாது. மருந்து இல்லைன்னா, நீங்க சொன்னது பொய்யி. அப்ப நான் வெளிய போயி அத்தனை பேரையும் எழுப்பி, எங்க அயித்தை செம்பு தூரு தெரியக் குடிச்சுப் பாத்துட்டாக, மருந்து இல்லையாம்னு சொல்லிறேன். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அய்யம்மாள் காலிச் செம்பைக் கீழே வைத்தாள். "ரெண்டுக்கும் நடுவுல வேற ஒண்ணும் இல்லையாடி?"

"இருக்கு அயித்தை." வம்பாகத்தான் ஆரம்பித்தாள், குரல் உடைந்துவிட்டது. "அக்கா இல்லாம வீடு வீடா இல்ல. ஒரு மாசமா யாருகிட்டப் பேசுறதுன்னு தெரியாமத் திரியிறேன். திருவிழா முடியவும் கூட்டிட்டுப் போங்களேன்."

"நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு ஊருக்கே சொல்லியாச்சு. செம்பும் காலியாக் கெடக்கு, இப்ப மாத்துனா, நான் குடிச்ச மருந்துதான் பேசுதும்பாக."

அது உண்மைதான். பஞ்சம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி, கூட்டிட்டுப் போங்க. ஆனா ஊருக்குப் போகணும்னு அக்கா என்னைக்கு வாயத் தொறக்குதோ, அன்னைக்கே வண்டியப் பூட்டணும். ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது."

"அம்புட்டுத்தானே? சத்தியம்." அய்யம்மாள் யோசிக்கவே இல்லை. உதட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து வெளியே போனாள்.

மறுநாள் வண்டி தெருமுனை திரும்பியபோதுதான் பஞ்சம்மாளுக்கு உறைத்தது. யார் வாயைத் திறப்பது? சங்கிலியம்மாளா? காலில் முள் குத்தினால்கூட முள்ளுக்கு வலிக்குமோ என்று பார்க்கிறவள் அவள். அந்தக் கிழவி அதைத் தெரிந்துதான் அத்தனை சுளுவாகச் சத்தியம் செய்திருக்கிறாள். ஊரையே ஏமாற்றிய பஞ்சம்மாளை ஒருத்தி ஏமாற்றிவிட்டுப் போய்விட்டாள். மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. காலி டின்னைக் கொல்லையில் தூக்கி எறிந்தாள்.

நாலாம் நாள் உச்சி வெயிலில் வாசலில் மாட்டுச் சலங்கை கேட்டது. வண்டியிலிருந்து சங்கிலியம்மாள் இறங்கினாள். பின்னாலேயே அய்யம்மாள். வண்டிக்காரன் சுருளியாண்டி நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பஞ்சம்மாள் ஓடிப்போய் அக்காளைக் கட்டிக்கொண்டாள். "நீயாக்கா கேட்ட? வாயத் தொறந்து கேட்டியா?"

"நான் ஒண்ணுமே கேக்கலடி. அவுகதான் மூணு நாளா, ஒனக்கு ஆத்தா வீட்டு ஞாபகம் வந்திருச்சா, வந்திருச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாக. இன்னைக்குக் காலையில, வந்திருச்சுன்னு அவுகளே சொல்லி வண்டி பூட்டிட்டாக."

அய்யம்மாள் அதற்குள் அடுக்களைக்குள் போய்க் குதிரில் சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். கண் மணலைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"என்னா வெயிலு. தொண்டை வறண்டு போச்சு ஆத்தா. அன்னைக்கு ஏதோ கலக்கினயே."

"டின்னு தீந்துபோச்சே அயித்தை. ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு."

அய்யம்மாளின் முகம் விழுந்தது. பஞ்சம்மாள் அக்காளைப் பார்த்தாள், வாசலில் இன்னும் பூட்டியே நிற்கிற மாட்டைப் பார்த்தாள்.

"சித்தப்பா கொண்டாருவாக. ஆனா அவுக வீரபாண்டித் திருவிழாவுக்குத்தான் மலையவிட்டு எறங்குவாக. இன்னும் ஆறு நாளு கெடக்கு."

அய்யம்மாள் ஆறு விரலை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். சின்னமனூரில் கிடக்கிற பதினொரு மாடும் நாலு எருமையும் அவள் கண்முன்னால் வந்து போயிருக்க வேண்டும். வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஏலே சுருளியாண்டி, மாட்ட அவுத்துக் கட்டு. மருமக முகம் வாடிப்போச்சு, திருவிழா முடியவும் போவோம்."