அக்கா வீட்டுக் கால்வாய்

விடுமுறை நாளில் வீட்டில் இருப்புக்கொள்ளாதவர்கள் சேர்ந்து பழைய கால்வாய்களைத் தேடி நடக்கிறோம். எங்களுக்கு ஒரே விதி: அடைப்பைக் கண்டால் எடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும். 'கால்வாயைக் கரைத்துக் குடித்தவன்' என்று குழுவில் என்னைக் கேலி செய்வார்கள். நான் அதைப் பட்டம் மாதிரி வைத்துக்கொண்டேன்.

அக்காவுக்குக் காட்டோரம் வீடு, நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறாள். ஒரு விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் இரண்டு நீளமான கற்சுவர்கள். நடுவே கூரை போட்டு, கன்றுப் பைகளை அடுக்கியிருந்தாள். மறுநாள் லாரி வந்து ஏற்றிப்போக வேண்டும். வருஷம் முழுக்கப் பட்ட பாடு. காலையில் அந்தச் சுவரில் சாய்ந்துதான் டீ குடித்தேன். அருமையான கல்வேலை என்று மாமாவிடம் சொன்னேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்; நான் நிற்கவில்லை. காட்டுக்குள் கால்வாய் இருக்கிறதென்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஓடையோரமாகவே ஏறினேன். புதரை விலக்கியதும் கல் பதித்த கால்வாயின் வாய் தெரிந்தது. மண்மூட்டைகளை அடுக்கி யாரோ அதை அடைத்திருந்தார்கள். கைப்பேசியைக் கிளையில் சாய்த்து வீடியோ எடுத்தபடியே, மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கரையில் இழுத்துப் போட்டேன். தண்ணீர் உள்ளே பாய்ந்ததும் கைதட்டிக் கூத்தாடினேன்.

பிறகு அந்தத் தண்ணீரின் பின்னாலேயே இறங்கினேன். அது என்னை முந்திக்கொண்டு ஓடியது. மரங்கள் விலகிய இடத்தில் இரண்டு கற்சுவர்களும் ஒரு கூரையும் தெரிந்தன. காலையில் நான் சாய்ந்திருந்தது கால்வாயின் கரையில்.

கன்றுகள் மிதந்துகொண்டிருந்தன. முழங்கால் தண்ணீரில் நின்று அள்ளிக்கொண்டே அக்கா மாமாவைத் திட்டிக்கொண்டிருந்தாள். "நல்லா அடைச்சிருக்கேன்னு சொன்னீங்களே. உங்க பேச்ச நம்பித்தானே இங்க வெச்சேன்?"

மாமாவோடு மேலே ஓடினேன். கரையில் கிடந்த மூட்டைகளைப் பார்த்தார். தண்ணீர் தள்ளியிருந்தால் அவை கரையேறியிருக்காது. என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் மூட்டையைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

வாயை அடைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது பாதிக் கன்றுகூடத் தேறவில்லை. அக்கா மறுபடி மாமாவைப் பிடித்துக்கொண்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். எனக்கோ உடம்பெல்லாம் கூசியது. அவள் எனக்குத் துண்டு எடுத்துத் தந்தாள். "நீ பாவம், லீவுல வந்து மாட்டிக்கிட்ட. காட்டுல படம் எடுத்திருப்பியே, அதையாவது காட்டு, பாப்போம்."

"படமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் மாமா, அவசரமாக.

அந்த அவசரம்தான் என்னைக் கொன்றது. வீடியோவைப் போட்டு அக்காவிடம் நீட்டினேன். என் குரல் சிரித்தது: "எந்தப் புத்திசாலி அடைச்சு வெச்சானோ!"

முழுதும் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். கைப்பேசியைத் திருப்பித் தந்துவிட்டு, மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீங்க இன்னும் சாப்பிடலையே," என்றாள் அவரிடம்.

எப்போதும் என்னைத்தான் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்பாள் என் அக்கா. அன்று என்னைக் கேட்கவே இல்லை.