தங்கக் காப்புக்கு அடியில்

"அதைக் கழத்துகியா, இல்ல நான் வந்து கழத்தட்டா?"

சிவகாமியம்மாள் இப்படிக் கேட்டபோது அவள் ஒரு கையில் ஈரத்துணி, மறு கையில் அகலமான தங்கக் காப்பு. திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்து வீட்டில் காலையிலிருந்தே அமளி. கரமனையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். கேசரி கிண்டியாயிற்று, ஜன்னல் திரை மாற்றியாயிற்று, பழுதான மின்விசிறியைக் கூட ஆள் வந்து சரிசெய்தாயிற்று. மிச்சம் இருந்தது மகள் அஸ்வதியின் இடது மணிக்கட்டு ஒன்றுதான்.

அந்த மணிக்கட்டில் ஒரு ஸ்டீல் பட்டை கிடந்தது. நடுவில் சிவப்பாக ஒரு மருத்துவச் சின்னம். அதன் கீழே ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் பொறித்திருந்தது: ஆஸ்துமா உண்டு, இன்ஹேலர் பையில். பக்கத்தில் அப்பாவின் போன் நம்பர்.

"கழத்த மாட்டேன்" என்றாள் அஸ்வதி. "டாக்டர் சொன்னதைக் கேட்டேல்லா?"

"டாக்டரா வந்து ஒனக்குத் தாலி கட்டப் போறாரு?"

"கட்டினா நல்லதுதான். பீஸ் மிச்சம்."

இந்த வாயும் அந்த நோயும்தான் சிவகாமியம்மாளுக்குக் கவலை. நாகர்கோவிலில் இருந்து வந்த முந்தைய வரன், மேசைமேல் கிடந்த இன்ஹேலரைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று எழுந்துபோனது. இன்றுவரை ஊர் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. அன்றைக்குச் சிவகாமியம்மாள் அழுத அழுகை அவளுக்குத்தான் தெரியும்.

பட்டை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அஸ்வதி கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன மாதம் ஒரு சாயங்காலம் கிழக்கேகோட்டை பஸ்ஸில் ஏறினாள். நல்ல கூட்டம். திருவனந்தபுரத்து பஸ்ஸில் நிற்பவர் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஒரு சேச்சி வாங்கி வைத்துக்கொண்டார். ஸ்டாப்புக்கு ஸ்டாப் கூட்டம் நெருக்கி, பை முன்னால் நின்றது, அஸ்வதி பின்னால் போய்விட்டாள். சாலைவேலை நடந்த இடத்தில் புழுதி உள்ளே அடித்தது. மூச்சு அடைத்தது. இன்ஹேலர் பையில், பை சேச்சி மடியில், சேச்சி நல்ல தூக்கத்தில்!

வாயைத் திறந்தால் விசில் சத்தம் வருகிறதே தவிர வார்த்தை வரவில்லை. பஸ்ஸே அவளைக் காப்பாற்ற எழுந்து நின்றது. ஒருவர் காக்காவலிப்பு என்று தீர்மானித்துச் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். ஒருவர் மயக்கம் என்று சோடாவை முகத்தில் அடித்தார். "விசேஷமாயிருக்கும்" என்று ஒரு அம்மாள் பக்கத்து அம்மாளிடம் சிரித்தாள். எல்லோரும் தங்கமான மனிதர்கள், ஒருவருக்கும் விஷயம் தெரியாது. கடைசியில் ஒரு நர்சிங் மாணவி அவளுடைய உதட்டு நிறத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, பையைப் பறித்துக்கொண்டு வந்தாள். டாக்டர் மறுநாளே சொல்லிவிட்டார், கையில் எழுதிப் போட்டுக்கொண்டு நட என்று.

"பஸ்ஸுல போட்டுக்கோ, ஆபீஸுல போட்டுக்கோ. மாப்பிள்ளைக்க முன்னால எதுக்குட்டி?" என்றாள் சிவகாமியம்மாள்.

"மாப்பிள்ளை முன்னால மூச்சு முட்டாதா? நாளைக்கு அவரும் சாவியைத் திணிக்கணுமா?"

அப்பா உமாசங்கர் சாலைக் கடைவீதியில் கணக்கெழுதுகிறவர். வரவும் செலவும் ஒத்துப்போக வேண்டும் அவருக்கு. "ரெண்டு பேரு சொல்லுகதும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் கௌசல்யா அத்தை உள்ளே வந்தாள். உமாசங்கரின் அக்கா. அடுத்த தெருவில் வீடு. எந்தக் கல்யாணக் காரியமும் அவள் இல்லாமல் நடக்காது. சிவகாமியம்மாளுக்கு உயிர் வந்தது.

"மைனி, நீங்களே சொல்லுங்கோ இவகிட்ட!"

அத்தை பட்டையைப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். அஸ்வதியின் கையைப் பிடித்துக்கொண்டு ரகசியக் குரலில் சொன்னாள்: "எட்டி, எனக்கும் உண்டு. கல்யாணத்துக்கு முன்னாலயே உண்டு. ஒன் மாமாவுக்கு இன்னி வரைக்கும் தெரியாது."

அஸ்வதி வாயைப் பிளந்தாள்.

"அதெப்பிடி அத்தை!"

அதெப்படியென்று அத்தை பெருமையாகவே விளக்கினாள். இளைப்பு வந்தால் குளிமுறிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவாளாம். தண்ணீர் சத்தத்தில் இன்ஹேலர் சத்தம் வெளியே கேட்காது. அது சோப்புப்பொடி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. மாமா கோமதிநாயகம் நல்ல மனிதர். மனைவிக்கு மலச்சிக்கல் என்று நம்பி, தினம் சாயங்காலம் பாளையங்கோடன் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வருவார். கல்யாணமான வருஷத்திலிருந்து வாங்குகிறார்.

"அய்யோ! நீங்க அதைத் தின்னுகேளா?"

"தின்னாம? அன்போட வாங்கிட்டு வராரு."

அஸ்வதிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்துச் சிரித்து, அத்தை தோளில் சாய்ந்து, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சிவகாமியம்மாளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அத்தையும் சிரித்தாள், ஆனால் அவள் முதலில் நிறுத்தினாள். "அப்பத்தைக்கு என் மாமியாருக்குத் தெரிஞ்சிருந்தா மறுநாளே அம்மை வீட்டுல கொண்டுவிட்டிருப்பா மக்ளே" என்றாள். சிவகாமியம்மாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

அத்தை தீர்ப்புச் சொன்னாள். பட்டை கிடக்கட்டும், கழற்ற வேண்டாம். ஆனால் எழுத்து உள்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அதன்மேல் அகலக் காப்பு, அதன்மேல் வளையல்கள். இருக்கவும் இருக்கும், தெரியவும் தெரியாது! அஸ்வதி கத்தினாள், "யாருக்கும் தெரியாம போட இதென்ன உள்பாவாடையா" என்று. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையை எத்தனை பேரால் எதிர்த்து நிற்க முடியும்? அஸ்வதி கையை நீட்டிவிட்டாள்.

அத்தையின் நிர்வாகம் அதோடு நிற்கவில்லை. "இன்னிக்கு வெள்ளிக்கிழமை. விளக்கு வச்ச பெறகு சாம்பிராணி மணம் இல்லாத வீடுன்னா அவியளுக்குச் சந்தேகம் வராதா? இளைப்புள்ள வீட்டுலதான் சாம்பிராணி போட மாட்டாவ."

"மைனி, பிள்ளைக்கு ஆகாதே!"

"பிள்ளை உள்முறில இருக்கட்டும். நான் முன்னால மட்டும் காட்டுகேன்."

சிவகாமியம்மாளும் தன் பங்குக்கு ஒன்று செய்தாள். மகளின் மேசைமேல் கிடந்த நீல இன்ஹேலரை எடுத்து, நாகர்கோவில் கதை மறுபடி நடக்காதபடி, அடுக்களையில் ஒளித்து வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

விளக்கு வைத்தார்கள். கார் வந்தது. மாப்பிள்ளை சுஜித், பாங்கில் அதிகாரி, அவனுடைய அம்மா முத்தாரம்மாள், தரகர் வேலாயுதன் அண்ணாச்சி. கோமதிநாயகம் மாமாவும் வந்து சேர்ந்தார், கையில் வழக்கமான பழச்சீப்போடு. அத்தை தூபக்காலை ஆட்டிக்கொண்டு முன்னறை முழுவதும் புகை காட்டினாள். மூலைமுடுக்கு விடவில்லை. முத்தாரம்மாள் மூச்சை இழுத்து, "ஐஸ்வர்யமான வீடு" என்றாள், உடனே லேசாக இருமவும் செய்தாள். அத்தைக்கு வெற்றிக் களிப்பு. இன்னும் ஒரு பிடி சாம்பிராணி அள்ளிப் போட்டாள்.

அஸ்வதி மூச்சைச் சிக்கனமாக விட்டுக்கொண்டு காபித் தட்டோடு வந்தாள். சுஜித் நிமிர்ந்து பார்த்தான், பிடித்துப்போயிற்று என்பது அவன் காது சிவந்ததில் தெரிந்தது. அவளுக்கும் அவனைப் பார்த்தால் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. "கழக்கூட்டத்துல டிராபிக் எப்பிடி?" என்று கேட்டான். பெண் பார்க்க வந்தவன் கேட்ட கேள்வியைப் பாருங்கள்! அவள் பதில் சொல்ல வாயெடுத்தபோது பின்னால் தூபக்கால் கீழே விழுந்த சத்தம்.

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கின. கழுத்து நரம்பு புடைத்தது. தொண்டையில் விசில்.

"அய்யோ கௌசு! கேஸ்தான்! வாய்வு!" என்று அலறினார் மாமா. சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து, உரித்து, அவள் வாயில் திணிக்கப் பார்த்தார். "ஷுகர் குறைஞ்சிருக்கும்" என்று அண்ணாச்சி கேசரியோடு வந்தார். "கண்ணேறு, உப்பு கொண்டு வாங்கோ" என்றாள் முத்தாரம்மாள். உமாசங்கர் விசிறிவிட விசிறிவிட, கீழே கொட்டிய கங்கிலிருந்து புகை எல்லாம் எழுந்து நேரே அத்தை முகத்துக்கே வந்தது.

அஸ்வதி ஓடிவந்து அவளை நிமிர்த்தி உட்கார வைத்தாள். அப்போது அத்தை என்ன செய்தாள் தெரியுமா? மூச்சுக்குத் தவித்துக்கொண்டே, ஒரு விரலை உதட்டில் வைத்தாள். சொல்லாதே என்றாள். செத்தாலும் பரவாயில்லை, மாமாவுக்குத் தெரியக்கூடாது!

அஸ்வதிக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது.

"அம்மா! மேசைமேல கெடந்த என் இன்ஹேலர் எங்க?"

சிவகாமியம்மாள் அடுக்களைக்கு ஓடினாள். அரிசி டிரம்மைத் திறந்தாள், இல்லை. பருப்பு டப்பா, இல்லை. எங்கே வைத்தோம்? பயத்தில் மூளை வெறுமையாகிவிட்டது. புளிப்பானை, மிளகாய்ப்பொடி, ரவை என்று எல்லாவற்றையும் தரையில் கவிழ்த்தாள். "தெய்வமே, தெய்வமே, எங்க வச்சேன்!" அஸ்வதி வந்து மறுபடி அரிசியில் கையை விட்டாள். வளையல்கள் தட்டின. ஒவ்வொன்றாக உருவி எறிந்தாள், காப்பும் உருண்டு போயிற்று. முழங்கை வரை உள்ளே விட்டபோது அடியில் தட்டுப்பட்டது.

முன்னறைக்கு ஓடிவந்து அத்தையின் வாயில் வைக்கப் போனாள்.

"நில்லு, முதல்ல நல்லா குலுக்கு" என்றான் சுஜித். "அவங்களை மூச்சை வெளியே விடச் சொல்லு. இனி அமுக்கு. பைய உள்ள இழுக்கச் சொல்லு."

இன்ஹேலரைக் குலுக்க வேண்டும் என்று பாங்க் பரீட்சையில் கேட்பதில்லை. முத்தாரம்மாள் மகனைப் பார்த்த பார்வையில் அவன் நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு அவன் தன் கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்சம் கொஞ்சமாக விசில் தணிந்தது. உமாசங்கர் ஜன்னலையெல்லாம் திறந்தார். அத்தையின் உதட்டில் நிறம் திரும்பியது. அறையில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

"என்னதான் இது?" என்றார் மாமா.

அஸ்வதி பட்டையை வெளிப்பக்கம் திருப்பினாள். கையில் அரிசி மாவு ஒட்டியிருந்தது. "அத்தைக்கு ஆஸ்துமா, மாமா. எனக்கும் ஆஸ்துமா. இதுல எழுதியிருக்கு, எல்லாரும் வாசிச்சுக்கோங்க."

மாமா கையிலிருந்த பழத்தைப் பார்த்தார். "அப்ப நான் இத்தனை வருசமா வாங்கின பழம்?" என்றார்.

"அதைத் தின்னுதான் எனக்கு வயிறு கெட்டுப்போச்சு" என்றாள் அத்தை, திரும்பி வந்த மூச்சில் முதல் வார்த்தையாக.

அஸ்வதி வெடித்துச் சிரித்தாள். அத்தை சிரித்தாள். மாமா பழத்தோலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார், சிரித்தார், "பைத்தியமே, என்கிட்ட சொல்லாண்டாமா" என்று அவள் தலையைத் தடவினார். சுஜித்துக்கும் சிரிப்பு வந்தது, அம்மாவைப் பார்த்து அடக்கிக்கொண்டான். முத்தாரம்மாள் மட்டும் கைப்பையைத் தேடினாள்.

அவர்கள் போன பிறகு சிவகாமியம்மாள் அடுக்களைத் தரையில், சிந்திய அரிசி நடுவே உட்கார்ந்துவிட்டாள். "மைனிக்குப் பதிலா நீயா இருந்திருந்தா? நான் ஒளிச்சு வச்சு, எனக்கே தெரியாம, என் பிள்ளையை நானே..." சொல்லி முடிக்க முடியவில்லை. அஸ்வதி பக்கத்தில் உட்கார்ந்து அரிசியைக் கூட்டி அள்ளினாள்.

திங்கட்கிழமை காலை அண்ணாச்சி போன் செய்தார். சிவகாமியம்மாள்தான் எடுத்தாள்.

"அம்மா, அவியளுக்கு நோய் ஒரு ப்ரஸ்னமே இல்லியாம். எந்த வீட்டுலதான் இல்ல, நாங்களும் மனுசங்கதானேன்னு முத்தாரம்மாளே சொன்னாவ. பையனுக்கும் நல்ல விருப்பம்."

"பின்னே?"

"பெண்ணு நாலு பேரு முன்னால வாய் தொறந்து சொல்லிட்டால்லா, அதுதான் பிடிக்கல்ல. குடும்பத்துல உள்ளதை மூடி வைக்கத் தெரியாண்டாமான்னு கேக்காவ. அதெல்லாம் போகட்டு. கொல்லத்துல வேற ஒரு இடம் கெடக்கு. இந்தத் தடவை பிள்ளை அந்தப் பட்டையைக் கழத்திட்டு, வாயை மட்டும்..."

"அண்ணாச்சி, ஒரு பேனா எடுத்துக்கோங்க."

"எதுக்கும்மா?"

"பெண்ணுக்கு ஆஸ்துமா உண்டுன்னு எழுதுங்க. அதை நாலு பேரு முன்னால சொல்லவும் செய்வான்னு எழுதுங்க. ரெண்டும் சம்மதமான வீடு இருந்தா மட்டும் கூட்டிட்டு வாங்க. பையனுக்கு என்னெல்லாம் உண்டுன்னு நாங்களும் கேப்போம்."

அந்தப் பக்கம் அண்ணாச்சி பேனா தேடுகிறாரா, பேச்சுத் தேடுகிறாரா தெரியவில்லை. சிவகாமியம்மாள் காத்துக்கொண்டு நின்றாள். வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மகளைப் பார்த்து, பட்டை தெரியும்படி சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டுக்கொள் என்று சைகை காட்டினாள்.