வேலியோரத்து டர்னிப்

1

இந்தக் கதை என் கற்பனையில்லை. பக்கத்துப் பண்ணையிலிருந்து பொறுக்கியது. அமெரிக்காவில், விஸ்கான்சினில் எங்கள் ஊர்க்காரன் வெர்லின் ஒரு ஏக்கர் டர்னிப் கிழங்கு விதைத்தான். மனிதர் தின்பதற்கு அல்ல. மான் வந்து மேயும், பரணில் உட்கார்ந்து சுடலாம் என்பதற்காக.

'இலையுதிர்காலத்தின் பொன்வெயிலில்' என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். வெர்லின் வெயிலை ரசிக்கிற ஆளில்லை.

2

வெர்லினின் அப்பா போனபின் காடு அக்கா ஆர்லிஸுக்கு, வயல் தம்பி வெர்லினுக்கு என்று நிலம் பிரிந்தது. மான் குடியிருப்பதோ காட்டில். அந்தப் பங்குச் சண்டையில் இருவருக்கும் ஆறு வருடமாகப் பேச்சில்லை. அவள் காட்டு மான்களை இழுக்கவேண்டுமென்றே அவளுடைய வேலியை ஒட்டி விதைத்தான்.

செப்டம்பரில் ஒரு மானும் வாய் வைக்கவில்லை.

"என்னய்யா, சாலட் கடை வைக்கப் போறியா?" என்று கேட்டேன்.

"உறைபனி விழட்டும். இலை இனிக்கும். அப்புறம் வந்து பேசு."

அக்டோபரில் உறைபனி விழுந்தது. ஒரே வாரத்தில் பாதி வயல் வெறும் தண்டாக நின்றது.

3

(வெர்லினைக் கொஞ்சம் நல்லவனாக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். வீம்புக்கு விதைத்தவன் வீம்புக்காரனாகவே இருக்கட்டும். ஆனாலும் அவனை எனக்குப் பிடிக்கும்.)

நவம்பரில் வேட்டை தொடங்கிய முதல் காலை. மூன்று வருடமாக அவன் கண்வைத்திருந்த பெரிய கொம்பு மான் வந்தது. சுட்டான். அடிபட்ட மான் வந்த வழியே திரும்பி, வேலி தாண்டி அக்காவின் நிலத்தில் விழுந்தது. வேலியோரம் விதைத்தால் வேறெங்கே விழும்?

சத்தம் கேட்டு நான் போனபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எங்கள் பக்கத்தில் நிலக்காரரைக் கேட்காமல் வேலி தாண்டக்கூடாது. சட்டமும் அப்படி, வழக்கமும் அப்படி.

"நான் போய்க் கேக்கவா?"

"வேணாம். சுட்டவன்தான் கேக்கணும்."

சொல்லிவிட்டு அரைமணி நேரம் அங்கேயே நின்றான். பிறகு என் வண்டியில் ஏறினான்.

4

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் இருவரும் சேர்ந்து மானை இழுக்கிறார்கள், அழகாயிருந்தது, நம்பமுடியவில்லை. இன்னொன்றில் அவள் கதவைச் சாத்துகிறாள், நம்பமுடிந்தது, பிடிக்கவில்லை. மூன்றாவதில் வெர்லின் அழுது...

இல்லை. நடந்ததையே சொல்கிறேன். ஆர்லிஸ் கதவைத் திறந்தாள்.

"ஆர்லிஸ், என் மான் ஒண்ணு..."

"அக்கான்னு கூப்பிட்டா வாய் வெந்துடுமா? ஆறு வருஷமா இந்தப் படி ஏறல. ஒரு மான் செத்தாத்தான் வருவியாடா?"

வெர்லின் தொப்பியைக் கழற்றினான். அவனுடைய பதிலை நான் நான்கு முறை எழுதி நான்கு முறையும் அடித்துவிட்டேன். உங்களுக்கும் ஒரு அக்காவோ தம்பியோ இருப்பார்கள், நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள், குளிர் வீட்டுக்குள் போகிறது.