ஐம்பத்தெட்டில் எடுக்காத படம்

வசந்தமலருக்கு அறுபத்தேழு வயதானபோது இரண்டு காரியங்கள் ஒன்றாக வந்தன. ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில், ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் இருபத்திரண்டு வருடங்களாகப் பார்த்த வேலையை விட்டுப் பென்ஷன் எடுத்தாள். அதற்கடுத்த சனிக்கிழமையே மகள் சோபிகாவும் மருமகன் அஷ்வினும் அவளுக்குத் தெரியாமல் மண்டபம் எடுத்து, எண்பது பேரைக் கூப்பிட்டு, பிறந்தநாள் விழா வைத்தார்கள்.

அஷ்வின் கோயம்புத்தூர்க்காரன். கணினி வேலைக்கு நோர்வே வந்த இடத்தில் சோபிகாவைக் கண்டு கட்டிக்கொண்டவன். மாமியாரை அவன் "அத்தை" என்றுதான் கூப்பிடுவான். இலங்கைத் தமிழரான எங்களுக்குள் "மாமி" என்றுதான் சொல்வது என்று சோபிகா இரண்டு மூன்று தரம் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். வசந்தமலருக்கு அவனைப் பிடிக்கும். புருஷன் செத்த வருஷம், கேட்காமலே வந்து வீட்டுக் குழாயிலிருந்து வரிப் பத்திரம் வரைக்கும் பார்த்துக் கொடுத்தவன் அவன். இத்தனை பிரியம் இருந்ததால்தான் அன்றைக்குக் கோபம் அப்படி ஏறியது என்று பிறகு யோசித்தாள்.

விழாவுக்கு அவன் வைத்த தலைப்பு "1958." அவள் பிறந்த வருஷம். வாசலில் பழைய காலத்து வானொலிப் பெட்டி போல அட்டையில் செய்து வைத்திருந்தான். இளம் பெண்கள் புள்ளி போட்ட சட்டையும் இரட்டைப் பின்னலுமாக வந்தார்கள். பெரிய திரையில் ஒவ்வொன்றாகப் படம் ஓடியது. பக்கத்து நாடான சுவீடனில் உலகக் கிண்ணம் நடந்ததும், பதினேழு வயதுப் பிரேசில் பையன் ஒருவன் கோல் போட்டதும் வந்தன. இடுப்பில் சுழற்றும் பிளாஸ்டிக் வளையம் அமெரிக்காவைப் பைத்தியமாக்கியது. துரொண்ட்ஹெய்ம் தேவாலயத்தில் நோர்வே மன்னர் ஆசீர்வாதம் பெற்றார். யப்பானில் ஒருவர் வெந்நீர் ஊற்றினால் சாப்பிடக்கூடிய நூடில்ஸ் கண்டுபிடித்தார். இடையிடையே அந்த வருஷம் தமிழ்நாட்டில் ஓடு ஓடென்று ஓடிய படங்களின் பாட்டு. வசந்தமலர் முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அந்தப் பாட்டுகள் அவளுக்கும் தெரிந்தவைதான்.

பிறகு கேள்வி பதில். அஷ்வின் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "1958-ல சிலோன்ல என்ன விசேஷம்? யார் சொல்றீங்க?" என்று கேட்டான்.

இலங்கை வானொலி என்றது ஒரு குரல். தேயிலை என்றது இன்னொன்று. வசந்தமலர் சுற்றிப் பார்த்தாள். முன் மேசையில் குலசேகரம் இருந்தார். எழுபத்தெட்டு வயது. அந்த வருஷம் கொழும்பில் பள்ளிக்கூடம் போனவர், கலவரத்துக்குத் தப்பிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர். அவர் வாய் திறப்பார் என்று பார்த்தாள். அவர் தன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்த கட்லட்டை இரண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். வானொலிதான் சரியான விடை என்று அறிவித்து, அஷ்வின் யாருக்கோ சொக்லேட் கொடுத்தான்.

அவள் எழும்பப் பார்த்தாள். அதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

திரையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. வெள்ளை வேட்டி சட்டையில் ஓர் இளைஞன், மெல்லிய மீசை, நாற்காலியில் இருக்கிறான். மடியில் கைக்குழந்தை. பின்னால் பட்டுச் சேலையில் ஒரு பெண். கீழே எழுத்து: "அப்பாவின் மடியில் மலர்." மண்டபம் கைதட்டியது. பின்னால் யாரோ பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். அதே நெற்றி, அதே மூக்கு என்று பக்கத்து மேசையில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு மாதத்துக்கு முன் குழந்தைப் படம் ஏதும் இருக்கிறதா என்று அஷ்வின் கேட்டதும், ஒன்றும் இல்லை என்று தான் சொன்னதும் அவளுக்கு நினைவு வந்தது. அவளுடைய படத்தையே ஒரு செயலிக்குக் கொடுத்து, முப்பது வயது ஆணாக்கி, மீசை வைத்து வாங்கியிருந்தான். அந்த மனிதனின் கண்களும் மூக்கும் அவளுடையவை. தன் முகமே மீசையோடு தன்னைப் பார்த்துச் சிரித்தது.

எழும்பி நேரே போனாள். மடிக்கணினியை அறைந்து மூடினாள். அஷ்வினுடைய கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினாள்.

"இது என்ரை அப்பா இல்லை," என்றாள். "என்ரை அப்பாவை நான் காணேல்லை. அந்த வருஷக் கலவரத்திலை, பொலன்னறுவையிலை, கரும்புத் தோட்டத்துக்குள்ளை வைச்சு, தமிழன் எண்டு சிங்களக் காடையர் வெட்டினவங்கள். நான் பிறக்க இருபத்தைஞ்சு நாள் இருந்தது. வீட்டையும் கொளுத்தினவங்கள். படம் ஒண்டும் மிஞ்சேல்லை. சிலோனிலை என்ன விசேஷம் எண்டு கேட்டீங்களெல்லோ, தம்பி. அதுதான் விசேஷம்."

குலசேகரம் மட்டும், நல்ல நாளும் அதுவுமாக இதெல்லாம் எதற்கு என்று முணுமுணுத்தார். அவரை அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் கோப்பையோடு எழும்பி வெளியே போனார். கேக் வெட்டவில்லை. சனம் சாப்பாட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டு கலைந்தது.

சமையலறைப் பக்கம் சோபிகா காத்துக்கொண்டு நின்றாள். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தாள் தாய். மகளின் முகமோ சிவந்து போயிருந்தது.

"அம்மப்பா காய்ச்சலிலை செத்துப்போனவர் எண்டுதானே எனக்குச் சொன்னனீங்கள்?"

வசந்தமலர் மேசையில் கைப்பையைத் தேடினாள்.

"பள்ளிக்கூடத்திலை குடும்ப மரம் கீறச் சொல்ல, அப்பவும் கேட்டனான். காய்ச்சல் எண்டுதான் எழுதினனான். முப்பத்தைஞ்சு வருஷம். அஷ்வின் தெரியாமல் செய்தவர். நீங்கள் தெரிஞ்சுகொண்டு பொய் சொன்னனீங்கள். என்ரை அம்மப்பாவைப் பற்றி எண்பது பேரோடை சேர்த்துத்தான் எனக்கும் சொல்லுறியள்."

உனக்காவது அது இல்லாமல் இருக்கட்டும் என்றுதான் மறைத்தேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. எண்பத்துமூன்றும் அதற்குப் பிறகு நடந்ததும் போதும், இஞ்சை பிறந்த பிள்ளையின் தலையில் ஐம்பத்தெட்டையும் கட்டக்கூடாது என்று புருஷனோடு இருந்து முடிவெடுத்தது உண்மை. ஆனால் மகள் சொன்னதில் பிழை இல்லை. பிழை இல்லாததாலேயே அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் அஷ்வின் தனியாக வந்தான். கதவடியிலேயே நின்றான். தூங்காத கண்.

"மன்னிச்சிருங்க அத்தை. நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சுட்டேன். எல்லாத்தையும் அழிச்சுட்டேன்."

அவன் அழித்தது அவனிடம் இருந்ததை மட்டும்தான். விழாவில் நின்றவர்கள் படமெடுத்து நாலு திசைக்கும் அனுப்பியாகிவிட்டது. பேர்கனில் இருந்த சிநேகிதி கண்ணீர்ப் பொம்மையோடு அனுப்பியிருந்தாள். ரொறன்ரோவில் இருந்த ஒன்றுவிட்ட தங்கை, பெரியப்பா எவ்வளவு வடிவு என்று எழுதி, முகநூலில் போட்டிருந்தாள். அதை எடுத்துவிடச் சொல்லி வசந்தமலர் செய்தி அனுப்ப, அதில் என்ன பிழை, மனசுக்கு ஆறுதல்தானே என்று பதில் வந்தது. மூன்று நாள் தொலைபேசியும் கையுமாக ஒவ்வொருவருடனும் சண்டை பிடித்தாள். சிலர் எடுத்தார்கள். சிலர் எடுப்பதாகச் சொல்லிவிட்டு எடுக்கவில்லை.

நாலாம் நாள், பக்கத்து ஊரான திராமனில் இருந்த தமையன் ஜெகதீஸ்வரனைப் பார்க்க ரயிலேறினாள். முழங்கால் சத்திரசிகிச்சை செய்திருந்ததால் அவர் விழாவுக்கு வரவில்லை. ஐம்பத்தெட்டில் அவருக்கு ஐந்து வயது. அவராவது தன் பக்கம் நிற்பார் என்று வழி முழுக்க நம்பிக்கொண்டு போனாள்.

அண்ணி கடைக்குப் போயிருந்தாள். ஊன்றுகோலோடு வந்து கதவைத் திறந்த தமையனைத் தாண்டி உள்ளே பார்த்தபோது, சாமித் தட்டுக்கு மேலே, சுவரில், அந்தப் படம் தொங்கியது. மடிக் குழந்தையோடு, பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, சந்தனப் பொட்டு வைத்து.

"அண்ணை, உந்தப் படத்தைக் கழட்டுங்கோ."

"இருக்கட்டும், பிள்ளை."

"என்ரை முகத்துக்கு மீசை வைச்சுச் செய்தது உது."

"தெரியும். அஷ்வின் தம்பி ரெலிபோனிலை எல்லாம் சொன்னவர்."

"தெரிஞ்சுகொண்டே பொட்டு வைச்சனீங்களோ?"

அவர் மெதுவாக நாற்காலியில் இருந்தார். ஒவ்வொரு வருஷமும் திவசத்துக்கு வெறும் சுவருக்குப் படைத்து அலுத்துப் போனேன் என்றார். அப்பாவின் முகம் தனக்கும் ஞாபகமில்லை. எவ்வளவு நினைத்தாலும் வருவதில்லை. யாரோ ஒரு முகம் இருந்தால் கும்பிட லேசு.

"யாரோ ஒரு முகம்," என்று அவள் திருப்பிச் சொன்னாள். குரல் உயர்ந்தது. "உங்களுக்கு ஐஞ்சு வயசு. நீங்கள் அங்கை நிண்டனீங்கள். அம்மா சாகுமட்டும் வாய் திறக்கேல்லை. உங்களிட்டைக் கேட்டால் எழும்பிப் போவியள். எனக்கு ஒரு சொல்லும் தராமல், இப்ப ஒரு கள்ளப் படத்துக்குப் பூ வைக்கிறியளோ? முகம் வேண்டாம். இருக்கிறதைச் சொல்லுங்கோ."

அவர் யன்னல் பக்கம் திரும்பினார். யன்னலுக்குக் கீழே ஆற்றுப் பாலத்தால் வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. பிறகு, அவளைப் பார்க்காமலே சொல்லத் தொடங்கினார்.

கரும்பு தன்னைவிட மூன்று மடங்கு உயரம் என்றார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் கிடந்தாள். தான் அழப்போக, அப்பா கையால் வாயைப் பொத்தினார். ட்ராக்டர் எண்ணெய் மணக்கும் கை. இடது கை. அதில் சுட்டுவிரல் பாதிதான். அப்பா வேலை செய்த பண்ணையின் இயந்திரத்தில் பெல்ட் இழுத்து நுனி போனது. அந்தக் குறை விரல் கன்னத்தில் அழுத்தியது இன்றைக்கும் தெரிகிறது. சத்தம் கிட்டே வர, அப்பா கையை எடுத்துவிட்டு, வெளியே வரக்கூடாது என்று சைகை காட்டி, எதிர்ப்பக்கமாக ஓடினார். வேண்டுமென்றே சத்தம் போட்டுக்கொண்டு ஓடினார்.

இரண்டு பேரும் ஒன்றாகச் சுவரைப் பார்த்தார்கள். குழந்தையை அணைத்திருந்த அந்த இளைஞனின் இடது கையில் ஐந்து விரலும் நீளமாக, வழுவழுப்பாக இருந்தன.

ஜெகதீஸ்வரன் ஊன்றுகோலைப் பிடித்து எழும்பினார். அவள் உதவிக்குப் போகவில்லை. படத்தைத் தானே கழற்றி, முகம் கீழாக மேசையில் வைத்தார். அழப்போகிறார் என்று நினைத்தாள். ஆனால் அவர் உள்ளங்கையால் சட்டத்தின் முதுகில் ஓங்கி அடித்தார்.

"வெட்டினவங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவனை எனக்குத் தெரியும்," என்றார். "எங்கடை குசினியிலை இருந்து சாப்பிட்டவன். என்னைத் தோளிலை தூக்கிக்கொண்டு திரிஞ்சவன். ஒருத்தரும் அவனை ஒரு கேள்வி கேக்கேல்லை. நானும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"பேரைச் சொல்லுங்கோ."

சொன்னார். அவள் அந்தப் பெயரைத் தன் வாயாலும் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். இத்தனை வருஷம் யார் மேல் என்று தெரியாமல் கணவன் மேலும் மகள் மேலும் சலவை இயந்திரத்தின் மேலும் எரிந்து விழுந்த ஆத்திரத்துக்கு முதல் தடவையாக ஓர் ஆள் கிடைத்திருந்தான். அவன் இப்போது உயிரோடு இருக்க வழியில்லை. அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

திரும்பும் ரயிலில் தொலைபேசியை எடுத்தாள். ரொறன்ரோத் தங்கை போட்ட படத்துக்குக் கீழே எழுதினாள்: "இது என் அப்பா அல்ல. என் அப்பா தம்பிப்பிள்ளை, ட்ராக்டர் ஓட்டியவர். இடது சுட்டுவிரலில் நுனி இல்லாதவர். 1958 மே 25 அன்று, மனைவியையும் மகனையும் வயிற்றில் இருந்த என்னையும் காப்பாற்ற, கொலைகாரரின் முன்னால் ஓடினவர்." அதையே படம் சுற்றிய ஒவ்வொரு குழுவிலும் போட்டாள். பிழைக்குப் பிழை திருத்தி, பதினொரு இடத்தில்.

கடைசியாக மகளுக்கும் அனுப்பி, வெட்டியவர்களைக் கூட்டி வந்தவனின் பெயரை மாமா சொன்னார் என்று ஒரு வரி சேர்த்தாள். ரயில் ஒஸ்லோவுக்குள் நுழையும்போது சோபிகா அழைத்தாள். அவள் குரலில் கோபம் குறையவில்லை.

"அந்த ஆளின்ரை பேர் என்னம்மா?" என்று கேட்டாள். "மாமா என்ன சொன்னவர்? முதலிலை இருந்து சொல்லுங்கோ."

பெட்டியில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, வசந்தமலர் உரக்கச் சொல்லத் தொடங்கினாள்.